ஒன்பதாம் கட்டிலின் மூச்சு

"நீங்க எண்ணினா இருபத்தெட்டு. நான் எண்ணினா முப்பத்தாறு. அது எப்படி, சிஸ்டர்?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

கண் வார்டில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, நெஞ்சு நோய் வார்டுக்கு மாற்றலாகி வந்து அவளுக்குப் பதினோரு நாள் ஆகியிருந்தது. இன்சார்ஜ் சிஸ்டர் மைமூன் அவளைவிடப் பதினேழு வயது இளையவள்.

மைமூன் மருந்துக் குப்பிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரே கட்டில். ஒரே ஆள். ஒரே ஆக்ஸிஜன். எனக்கு எண்ணத் தெரியலைன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். இல்ல, நீங்க குறைச்சு எழுதறீங்களா?"

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகு அமலோற்பவத்துக்குத் தோன்றியது.

மைமூன் குப்பிகளை ஒவ்வொன்றாக அடுக்கி முடித்தாள். அமலோற்பவம் நின்றுகொண்டே இருந்தாள்.

"இருபத்தாறு," என்றாள் மைமூன்.

"எது?"

"உங்க மூச்சு. இவ்வளவு நேரம் அதைத்தான் எண்ணினேன். சண்டைக்கு வந்திருக்கீங்க, அதான் கொஞ்சம் ஜாஸ்தி."

அமலோற்பவம் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். பார்த்ததும் மூச்சு தடுமாறியது.

"இப்ப எண்ணினா வேற வரும், அக்கா."

ஒன்பதாம் கட்டிலில் பூவலிங்கம் இருந்தார். முப்பது வருஷம் கல் உடைக்கும் ஆலையில் தூசி தின்றவர். படுக்க முடியாது. முன்னால் மேஜை போட்டு, தலையணை வைத்து, அதில் இரண்டு முழங்கையையும் ஊன்றியபடி ராப்பகலாக உட்கார்ந்திருப்பார். ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தைதான் வரும்.

போன மழைக்காலத்தில் அவரை மேல்மாடிக்குக் கொண்டுபோய், மெஷின் மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போட்டார்கள். எடுக்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று.

இன்று காலையில் டாக்டர் தாளில் இருந்த இரண்டு எண்களையும் பார்த்தார். பெரியதை நம்பினார்.

"ஒன்பதாம் கட்டில் யாரு பொறுப்பு? அமலோற்பவமா? நாலு மணிக்கு நீங்க எண்ணிச் சொல்லுங்க. முப்பதுக்கு மேல இருந்தா மேல அனுப்பிடலாம்."

டாக்டர் போனதும் பூவலிங்கம் அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்... தாயி... அந்த... குழாய்..."

இரண்டு மணிக்கு அவள் மறுபடி போனாள். வழக்கமாகக் கட்டிலருகே நின்று, "மூச்சு எண்ணப் போறேன், அசையாதீங்க" என்பாள். அந்த 'அசையாதீங்க' கண் வார்டில் பழகியது. இம்முறை ஒன்றும் சொல்லவில்லை. நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் நெஞ்சை எண்ணினாள்.

முப்பத்து நாலு.

"நல்லா இழுங்கய்யா. இன்னும். நல்லா உள்ள இழுங்க."

அவரும் பாவம், சொன்னபடி இழுத்தார். கழுத்து நரம்புகள் கயிறுபோல் எழும்பின.

அவள் மைமூனிடம் வந்தாள். கோபமெல்லாம் போய்விட்டது. புரியவில்லை என்பது மட்டும் மிச்சம் இருந்தது.

"அவருக்குத் தெரியாமத்தான் எண்ணினேன். முப்பத்து நாலு. நல்லா இழுங்கன்னு சொன்னேன். முப்பத்தெட்டுக்குப் போயிடுச்சு. நான் சொன்னா ஏன் ஏறுது, சிஸ்டர்?"

மைமூன் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மூச்சை இழுங்க, அக்கா."

இழுத்தாள்.

"விடாதீங்க. இன்னும் இழுங்க."

இழுத்தாள்.

"விடக் கூடாது. இன்னும்."

தோள்கள் காதுவரை ஏறின. ஒரு நூல் அளவு உள்ளே போயிற்று.

"நல்லா இழுங்க. நல்லா உள்ள."

அமலோற்பவத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, புஸ்ஸென்று எல்லாவற்றையும் விட்டாள்.

"எங்க இழுக்கறது? உள்ள இடம் இருந்தாத்தானே," என்றாள்.

சொன்னவள் அப்படியே ஒன்பதாம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

மைமூன் தட்டை எடுத்துக்கொண்டு மூன்றாம் கட்டிலுக்குப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு டீ வந்தது. அமலோற்பவம் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு, மூலையில் கிடந்த இரும்பு ஸ்டூலை ஒன்பதாம் கட்டிலுக்கு இழுத்துப் போனாள். பதினோரு நாளில் அந்தக் கட்டிலருகே அவள் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மறு கையில் டீ. கொதித்தது.

ஊதினாள். உதட்டைக் குவித்து, நிதானமாக, தீரும்வரை.

பூவலிங்கம் பார்த்தார்.

அவள் மறுபடி ஊதினாள்.

டம்ளரை அவர் பக்கம் கொஞ்சம் நீட்டினாள். அவரும் உதட்டைக் குவித்தார். முதல் ஊதல் பாதியிலேயே அறுந்துபோயிற்று. அவள் அவசரப்படவில்லை. தன் முறைக்கு ஊதினாள். அடுத்து அவர்.

அவள் இழுங்க என்று சொல்லவில்லை. விடுங்க என்றும் சொல்லவில்லை.

டீயில் ஏடு படிந்தது. ஊதும்போதெல்லாம் அந்த ஏடு சுருங்கி அவள் பக்கம் வந்தது, பிறகு அவர் பக்கம் போயிற்று. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு, சிஸ்டர்?"

டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். பின்னால் மைமூன். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு.

அமலோற்பவம் எழுந்தாள். மணிக்கட்டு இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"எண்ணலை, டாக்டர்."

"எண்ணலையா? ஒரு மணி நேரமா இங்கதான் உக்காந்திருந்தீங்களாமே?"

அவள் மைமூனைப் பார்த்தாள். மைமூன் பூவலிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூவலிங்கம் தலையணையிலிருந்து முழங்கையை எடுத்தார். நடுவில் எங்கும் நிற்காமல் சொன்னார்.

"தாயியைத் திட்டாதீங்க சார், அந்த டீயை ஊதிக்கிட்டே இருக்குது, இன்னும் ஒரு வாய் குடிக்கல."

டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பத்தாம் கட்டிலுக்குப் போனார்.