வானம் ஆரம்பிக்கும் இடம்

“எனக்கு எப்போ மேடம் பதில் சொல்ற வேலையைத் தருவீங்க?” என்று கேட்டார் பரஞ்சோதி.

சுகிர்தா, கோளரங்கத்தில் பார்வையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர். பரஞ்சோதி கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தன்னைவிட இருபது வயது இளையவரிடம் இந்த வேலையைக் கற்க வந்திருந்தார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அரங்கம் பெரிது, கேட்பவரின் குரல் எல்லோருக்கும் எட்டாது. ஒருவர் கேள்வியை மைக்கில் திருப்பிச் சொல்வார். பிறகுதான் பதில். வந்த நாள் முதல் பரஞ்சோதிக்குத் திருப்பிச் சொல்லும் வேலைதான். கிளிப்பிள்ளை உத்தியோகம் என்று வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தார்.

“முப்பது வருஷம் வகுப்பெடுத்தேன் மேடம். ஒரு பையன்கூட எழுந்து சந்தேகம் கேட்டதில்ல. இங்கேயாவது யாராவது என்னைக் கேட்க மாட்டாங்களான்னுதான் வந்தேன்.”

சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

“முதல்ல ஒரு கேள்வியைத் திருப்பிச் சொல்லுங்க சார்.”

“தினமும் அதைத்தானே செய்றேன்?”

சுகிர்தா அரங்கத்துக்குள் போனார்.

அன்று வந்திருந்தவர்கள் ஒரு பனியன் கம்பெனிக்காரர்கள். கொடைக்கானல் போய்விட்டுத் திரும்பும் வழியில் வந்திருந்தார்கள். காட்சி முடிந்ததும் ஒரு அம்மா எழுந்தார்.

“வானம் எங்கேருந்து ஆரம்பிக்குது?”

பரஞ்சோதி மைக்கை எடுத்தார். “விண்வெளி எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று கேட்கிறார்.”

சுகிர்தா அந்த அம்மாவிடம் திரும்பினார். “ஏம்மா, இதையா கேட்டீங்க?” என்றார்.

அந்த அம்மா பரஞ்சோதியைப் பார்த்தார்.

“சார் சொன்னா சரிதாங்க.”

உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு கைகூட உயரவில்லை.

பரஞ்சோதிக்கு இந்த அமைதி நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் இதே அமைதியைக் கேட்டிருக்கிறார். பையன்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றே இத்தனை காலம் நினைத்திருந்தார்.

மைக்கோடு மேடையிலிருந்து இறங்கி அந்த அம்மாவிடம் போனார்.

“தப்பா சொல்லிட்டேன்மா. நீங்க கேட்டதை இன்னொரு தடவை சொல்லுங்க.”

“ஒண்ணுமில்லீங்க. மலை மேல மேகம் வந்து எங்களை மூடிருச்சு. அப்ப நாங்க வானத்துல நின்னோமா, தரையிலயா? வானம் எங்கேருந்துதான் ஆரம்பிக்குது?”

பரஞ்சோதி ஒரு சொல்லும் மாற்றாமல் அதை மைக்கில் சொன்னார். சொல்லிவிட்டு சுகிர்தாவைப் பார்த்தார்.

“பதிலையும் நீங்களே சொல்லுங்க சார்.”

பரஞ்சோதி கையில் தயாராக ஒரு பதில் இருந்தது. விண்வெளி தொடங்கும் உயரம், நூறு கிலோமீட்டர். ஆனால் அது இந்தக் கேள்விக்கானது இல்லை.

  தன் காலடியைப் பார்த்தார்.

“இங்கேருந்துதாம்மா,” என்று தன் செருப்பைக் காட்டினார். “தரை முடியற இடத்துலயே காத்து தொடங்கிடுது. அங்கேருந்தே வானம்தான். நீங்க ரெண்டுலயும் நின்னிருக்கீங்க.”

அந்த அம்மா சட்டென்று காலைத் தூக்கிப் பார்த்தார். அரங்கமே சிரித்தது.

கடைசி வரிசையிலிருந்து அவர்கள் வந்த வேனின் டிரைவர் எழுந்தார். கையைக்கூட உயர்த்தவில்லை.

“சார், அப்ப மீனுக்கு எங்கேருந்து?”

பரஞ்சோதி மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“அப்ப மீனுக்கு எங்கேருந்து?” என்றார்.