செம்போத்துக்குக் கோட்டைப் பேயின் குரல் வந்த கதை

மனிதர்களும் பறவைகளும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், ஆனைமடுக் குன்றின் மேல் ஒரு பாழடைந்த கோட்டை இருந்தது. பட்டப்பகலில்கூட யாரும் அதன் வாசலைத் தாண்ட மாட்டார்கள். உள்ளே ஒரு பேய் இருக்கிறது, "ஊம்... ஊம்..." என்று கூப்பிட்டு ஆளை உள்ளே இழுத்து ரத்தம் குடித்துவிடும் என்று அடிவாரத்து ஊர் முழுக்கப் பேச்சு.

பேய் இருந்தது உண்மைதான். அவள் பெயர் அரியநாச்சி. உயிரோடு இருந்தபோது கோட்டை வீரர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவள். எதிரிப்படை மதிலை உடைத்த அன்று, பெரிய மண்டபத்துக்கு அடியில் ஓடிய சுரங்கத்தின் வழியாகப் பெண்களையும் பிள்ளைகளையும் வெளியே அனுப்பினாள். நடக்க முடியாத ஒரு கிழவரைத் தூக்கிவரத் திரும்பிப் போனாள். சுரங்கம் பாதியில் சரிந்து இருவரையும் மூடிவிட்டது.

செத்த பிறகும் அரியநாச்சி அங்கிருந்து போகவில்லை. மண்டபத்துக்கு அடியில் மண் இல்லை, வெறும் பொந்துதான் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். அதனால் ஆள் அரவம் கேட்டால் போதும், "உள்ள வராதீங்க, இடிஞ்சு விழுந்துரும்!" என்று கத்துவாள். ஆனால் செத்தவர்களின் பேச்சு மனிதர் காதில் வெறும் ஊங்காரமாகத்தான் விழும். பறவைகளுக்கு மட்டும் அது சொல்லாகவே கேட்கும்.

கோட்டைக்குள் ஒரு முட்புதரில் போத்து என்ற பறவை கூடு கட்டியிருந்தது. அப்போது அது காக்கையைப் போல உடம்பெல்லாம் கறுப்பு, கண்ணும் கறுப்பு. சரியாகப் பறக்கத் தெரியாது; தத்தித் தத்தி நடந்தே இரை தேடும். ஒருமுறை அது இரைக்குப் போயிருந்த சமயம், சாரைப்பாம்பு ஒன்று கூட்டுக்குள் தலையை விட்டது. அரியநாச்சி போட்ட சத்தத்தில் மதிலே அதிர்ந்தது. பாம்பு ஓட்டமாய் ஓடிவிட்டது. திரும்பி வந்த போத்து, குஞ்சுகள் முழுசாக இருப்பதைப் பார்த்துக் கண் கலங்கியது.

"அக்கா, இதுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?"

"என்கூடப் பேச யாருமில்ல. நீ பேசிக்கிட்டிரு, அது போதும்" என்றாள் அரியநாச்சி.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தது. வீடு போன ஜனங்கள் குன்றின் சரிவில் நனைந்துகொண்டு நின்றார்கள். அவர்களில் வெள்ளத்தாய் என்ற பெண் கைக்குழந்தைக்காரி.

"பேய் பிடிச்சா ஒருத்தரைப் பிடிக்கும். இந்த ஆறு ஊரையே கொண்டுபோயிரும். வாங்க, கோட்டைக்குள்ள போவோம்" என்றாள் அவள்.

யாருக்கும் கால் வரவில்லை. கடைசியில், பேய் ஓட்டும் கோடாங்கி ஒச்சப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் நல்ல மனிதர். குளிரில் வெடவெடக்கும் பிள்ளைகளைப் பார்த்து மனம் இளகி, உடுக்கையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். "ஊம்... ஊம்..." என்று சத்தம் வர வர, இவரும் உடுக்கையை ஓங்கி அடித்தார். அரியநாச்சியை மந்திரத்தால் கட்டி இழுத்துவந்து, கோட்டை வாசல் புளியமரத்தில் ஓர் இரும்பு ஆணியால் அறைந்தார். சத்தம் நின்றது.

"அவ்வளவுதான். இனி பயமில்ல, உள்ள போங்க" என்றார்.

ஜனங்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஆடு மாடுகளோடு பெரிய மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். அடுப்பு மூட்டினார்கள். பிள்ளைகள் துணி உலர்த்தித் தூங்கத் தொடங்கின.

போத்து புளியமரத்தடிக்கு ஓடிவந்தது. ஆணிக்கு அடியிலிருந்து அரியநாச்சியின் குரல் மூச்சுப்போல வந்தது.

"மண்டபத்துச் சுவரோரம் தரை வெடிச்சிருக்கு பாரு. மழைத்தண்ணி எல்லாம் அந்த வெடிப்புக்குள்ள இறங்குது. கீழ மண்ணு கரையுது. இன்னைக்கே விழுந்துரும். போய்ச் சொல்லு."

போத்து மண்டபத்துக்கு ஓடியது. "எல்லாரும் வெளிய வாங்க! தரைக்கு அடியில ஒண்ணுமில்ல, விழப்போகுதுன்னு அரியநாச்சி அக்கா சொல்றா!" என்று கீச்சுக்குரலில் கத்தியது.

"இது அந்தப் பேய்கூடவே குடியிருந்த பறவை. நம்மளை விரட்டப் பாக்குது" என்றார் ஒருவர். இன்னொருவர் விறகுக்கட்டையை ஓங்கினார். வெள்ளத்தாய் தடுத்தாள், ஆனால் அவளும் நம்பவில்லை. "பச்சைப் பிள்ளையோட மழையில எங்க போவேன், நீயே சொல்லு" என்றாள்.

போத்து திரும்பி வந்தது. "அக்கா, என் பேச்சை யாரும் கேக்கல. உன் சத்தத்துக்குத்தான் அவங்க ஓடுவாங்க. அதை எனக்குக் கொடு."

அரியநாச்சி தயங்கினாள். "கொடுத்தா உன் பேச்சு போயிரும். ஒரு தொண்டையில ரெண்டு குரல் தங்காது. உன் குஞ்சுகளைக்கூட நீ பேர் சொல்லிக் கூப்பிட முடியாது."

போத்து புதரைத் திரும்பிப் பார்த்தது. குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு அதற்காகக் காத்திருந்தன.

"அதுக உயிரோட இருக்கிறது உன் சத்தத்தாலதானே" என்றது. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. மரத்தில் தத்தி ஏறி, ஆணியின் தலையில் அலகை வைத்து ஒரு மூச்சு உள்ளே இழுத்தது.

பிறகு நேராக மண்டபத்துக்குள் போய் உத்தரத்தில் உட்கார்ந்து கத்தியது.

"ஊம்... ஊம்... ஊம்..."

வெறுங்குடத்துக்குள் இருந்து வருவதுபோன்ற அந்தக் குரல் மண்டபம் முழுக்க அதிர்ந்தது. "ஐயோ, ஆணியைப் பிடுங்கிட்டு வந்துருச்சு!" என்று ஜனங்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். பிள்ளைகளை வாரிக்கொண்டு, கிழவிகளை இழுத்துக்கொண்டு, மழைக்குள் பாய்ந்தார்கள். கடைசி ஆள் வெளியேறும்வரை போத்து உத்தரத்தை விட்டு அசையவில்லை.

கடைசியாகப் போனவள் வெள்ளத்தாய். அவள் வாசற்படியைத் தாண்டியதும் தரை உள்ளே போனது. தூண்கள் சாய்ந்தன. மண்டபம் முழுசாகச் சரிந்து சுரங்கத்துக்குள் விழுந்தது. செங்கல் தூள் புகைபோல எழுந்து வானத்தை மறைத்தது.

தூசி அடங்கியபோது இடிபாட்டுக்கு மேலே ஒரு பறவை தள்ளாடி ஏறி நின்றது. செங்கல் தூள் படிந்து அதன் இறக்கைகள் சிவந்திருந்தன. தூசி விழுந்து கண்கள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. அது வாயைத் திறந்து, "ஊம்" என்றது.

வெள்ளத்தாய்க்குப் புரிந்தது. "நம்மளை வெளிய விரட்டுனது பேய் இல்லய்யா, இதுதான். இத்தனை வருஷமா அந்த மகராசியும் இதைத்தான் சொல்லியிருக்கா. நம்மதான் ரத்தம் குடிக்கிறவன்னு பேசினோம்."

கோடாங்கி ஒச்சப்பன் புளியமரத்துக்குப் போனார். தன் கையாலேயே ஆணியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். நெடுஞ்சாண்கிடையாகச் சேற்றில் விழுந்து கும்பிட்டார். வெள்ளத்தாய் குழந்தையை மரத்தடியில் கிடத்தி, "அம்மா, இது நீங்க கொடுத்த உசுரு" என்றாள். ஊரே அழுதது.

அரியநாச்சி அத்தனை பேரையும் ஒருமுறை பார்த்தாள். அன்று சுரங்கத்தின் வழியாக அவள் அனுப்பிய பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இவர்கள். மனசு நிறைந்துபோயிற்று.

"தங்கச்சி, இனி நான் போகலாமா?" என்று குரலில்லாமல் கண்ணாலேயே போத்தைக் கேட்டாள்.

"ஊம்" என்றது போத்து.

புளியமரத்து இலைகளை அசைத்துக்கொண்டு ஒரு காற்று கிளம்பி, மழையோடு மழையாகப் போய்விட்டது.

ஊர்க்காரர்கள் கோட்டைக்கு வெளியே, கெட்டியான பாறைமேல் புது வீடுகள் கட்டிக்கொண்டார்கள். போத்தின் இறக்கைச் சிவப்பும் கண் சிவப்பும் எத்தனை மழையிலும் கரையவில்லை. அதன் குஞ்சுகளும் வளர வளர அப்படியே சிவந்தன. அந்த நாளிலிருந்துதான் அது செம்போத்து ஆயிற்று. பாழடைந்த மதிலோரப் புதர்களில் இருந்து அதன் குரல் இன்றைக்கும் குடத்துக்குள் இருந்து வருவதுபோல் வருகிறது. கிளம்பும் வழியில் செம்போத்தைக் கண்டுவிட்டால், போகிற காரியம் நல்லபடியாக முடியும் என்று நம் ஜனங்கள் ஒரு நொடி நின்று கும்பிட்டுவிட்டுப் போவதும் அதனால்தான்.