பட்ஜெட்டுக்குள் முடித்த வீடு

மூணுபனையூரில் பனைமரம் ஒன்றுதான் இருக்கிறது. ஏன் என்று கேட்டால், ஆளுக்கொரு தரமாக மூன்று பேர் எண்ணினோம், கூட்டிப் பார்த்தால் மூன்று வந்தது என்பார்கள். அந்த ஊரில் வெள்ளிமலை என்று ஒரு நல்ல பிள்ளை இருந்தான். வயது முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை.

பக்கத்து ஊர் ஒச்சப்பனின் மகள் செல்லப்பேச்சி மேல் அவனுக்குக் கொள்ளை ஆசை. அவளுக்கும் சம்மதம்தான். ஒச்சப்பன்தான் குறுக்கே நின்றார். "தை பொறக்கறதுக்குள்ள சொந்தமா ஒரு வீட்டக் கட்டிக் காட்டு மாப்ள. இல்லேன்னா சிவகாசிக்காரனுக்குத்தான் பொண்ணு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வெள்ளிமலைக்குச் சோறு இறங்கவில்லை.

அவனிடம் அப்பா விட்டுப்போன காலி மனையும், எருமை விற்ற பணமும் இருந்தன. கூட்டாளிகள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் பெத்தணன், ஊரிலேயே மூளைக்காரன் என்று பேரெடுத்தவன். இன்னொருவன் கொப்பையா, பெத்தணன் வாயைத் திறக்கும் முன்பே தலையாட்டுகிறவன். மூவருமாகக் கொத்தனார் அருளப்பனிடம் யோசனை கேட்கப் போனார்கள்.

கொத்தனார் சைக்கிளில் ஏறிக்கொண்டே சொன்னார். "மொதல்ல பட்ஜெட் போடுங்கப்பா. அகலக்கால் வச்சிராதீங்க. கையைக் கடிக்காம பாத்துக்கங்க. முக்கியமா, பட்ஜெட்டுக்குள்ளயே வீட்ட முடிச்சிரணும். ஒரு செங்கல் அதத் தாண்டி வெளிய போச்சோ, அப்புறம் நடுத்தெருதான்!"

மூவரும் ஒரு வார்த்தை சிந்தாமல் மனசில் முடிந்துகொண்டு வந்தார்கள்.

மனையைக் காலால் அளக்கும் வேலை கொப்பையாவுக்கு. அகலக்கால் வைக்கக்கூடாதே! கட்டைவிரலையும் குதிகாலையும் ஒட்டி ஒட்டி வைத்து நடந்தான். காலையில் இறங்கியவன் மறு ஓரத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

"சரி, கையை யாரு கடிப்பா?" என்று வெள்ளிமலை கவலையோடு கேட்டான்.

"எனக்கு முன்பல்லு ரெண்டும் இல்ல. என்னால ஆபத்து கிடையாது" என்றான் கொப்பையா.

பெத்தணன் ரொம்ப நேரம் யோசித்தான். "எனக்குக் கோவம் வந்தா கடிச்சிருவேன் மாப்ள. சின்னதுல இருந்தே அப்படித்தான். நீ எதுக்கும் ஜாக்கிரதையா இரு."

வெள்ளிமலை அன்றே இரண்டு கைக்கும் சாக்கைச் சுற்றிக்கொண்டான்.

அடுத்தது பட்ஜெட். பெத்தணன் சின்னத் தேதிக் காலண்டரில் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் செங்கல், மணல், சிமெண்டு, கம்பி என்று அழகாக எழுதினான். தாளை மனையின் நடுவில் வைத்து, அதன் மேல் ஒரு செங்கலை வைத்தான். செங்கல் நாலு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"போச்சு! மொதக் கல்லே பட்ஜெட்டத் தாண்டிருச்சு!" என்று அலறினான் வெள்ளிமலை.

"வீட்டச் சுருக்கிரலாமா அண்ணே?" என்றான் கொப்பையா.

"ஒரு கல்ல விடச் சின்ன வீட்டுல புருசன் பொண்டாட்டி எப்படிடா படுப்பாங்க? பட்ஜெட்டப் பெருசாக்குறதுதான் வழி" என்றான் பெத்தணன்.

எருமைப் பணம் முழுவதற்கும் டவுனில் தாள் வாங்கினார்கள். மைதாப் பசை காய்ச்சி, இரண்டு வாரம் இடுப்பொடிய ஒட்டி, மனை முழுக்க விரித்துவிட்டார்கள். முப்பதடிக்கு நாற்பதடியில் அவ்வளவு தாராளமான பட்ஜெட்டை அந்த வட்டாரத்திலேயே யாரும் போட்டதில்லை. செங்கல் வாங்கத்தான் கையில் காசு இல்லை.

தை பிறக்க நாலு நாள்தான் இருந்தது. வெள்ளிமலை தாளின் நடுவில் உட்கார்ந்து அழுதான், பாவம். செல்லப்பேச்சி பஸ் ஏறி சிவகாசிக்குப் போவது அவன் கண்ணுக்குள்ளேயே நின்றது. கண்ணைத் துடைத்தால் சாக்கு வேறு குத்தியது.

"ஏன் மாப்ள அழுவுற?" என்றான் பெத்தணன். "ஒரு செங்கல்கூட பட்ஜெட்டத் தாண்டக் கூடாதுன்னுதான கொத்தனார் சொன்னாரு? செங்கலே இல்லேன்னா எது தாண்டும்?"

வெள்ளிமலை அழுகையை நிறுத்தினான். அதுதான் மூளை என்பது!

உடனே கரிக்கட்டையை எடுத்துத் தாளுக்குள்ளேயே வீட்டை வரைந்து முடித்தார்கள். கூடம், அடுப்படி, சாமி அறை, கிழக்குப் பார்த்த வாசல். கொப்பையா ஒவ்வொரு வாசல் நிலையிலும் தலை இடிக்காமல் குனிந்து குனிந்து போய்வந்தான்.

மார்கழி கடைசி நாள் ஒச்சப்பன் வந்தார். அவர் செருப்பை வெளியே விட்டு, குத்தவைத்து, வாசல் கோட்டை விரலால் தட்டினார்.

"யாரு?" என்றான் கொப்பையா உள்ளேயிருந்து.

"நாந்தான், பொண்ணோட அப்பா."

உள்ளே வந்தவர் ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். அடுப்படிக்கு வந்து நின்று, "நல்ல வெளிச்சம். காத்தும் பிச்சுக்கிட்டு வருது" என்றார். அப்புறம் முகம் சுருங்கியது. "ஆனா மாப்ள, கூரை ரொம்பத் தாழ்வா இருக்கே. தரையோட தரையால்ல கெடக்கு? எம்மக வளத்தியான பொண்ணு. குனிஞ்சு குனிஞ்சே இடுப்பு போயிரும். இது தோதுப்படாதுப்பா."

வெள்ளிமலைக்கு உயிரே போய்விட்டது.

"அதுக்கென்ன மாமா, மேல ஒரு மாடி எடுத்துட்டாப் போச்சு" என்றான் பெத்தணன்.

"மாடி வீடா!" ஒச்சப்பனின் முகம் மலர்ந்தது.

மிச்சமிருந்த தாளெல்லாம் வந்தது. ஒச்சப்பனை ஒவ்வொரு காலாகத் தூக்கச் சொல்லி, அவர் காலடியிலேயே மாடியை விரித்து ஒட்டினார்கள். அவர் மெல்லக் கீழே எட்டிப் பார்த்தார்.

"யாத்தே, தலை சுத்துதுப்பா! இது போதும். பொண்ணு உனக்குத்தான் மாப்ள!"

வெள்ளிமலை ஆனந்தத்தில் குதித்தான். "கீழ வாங்க மாமா, வெத்தலை பாக்கு மாத்திக்கலாம்!"

ஒச்சப்பன் நாலு பக்கமும் தேடினார். "படிக்கட்டு எங்கப்பா?"

மூவரும் குனிந்து தாள் முழுக்கத் தேடினார்கள். படிக்கட்டு பட்ஜெட்டிலேயே இல்லை.

தை மாதம் கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. பெண்ணைப் பெற்றவர் மட்டும் மாடியிலிருந்தே அட்சதை தூவினார். மாலையும் கழுத்துமாக நின்ற செல்லப்பேச்சி அண்ணாந்து பார்த்து, "ஓரத்துக்கு வராதீங்கப்பா, விழுந்துருவீங்க!" என்று கத்தினாள்.