லாக்கின் முன்னால் நின்ற அன்

அந்தக் காலத்தில், சொற்களுக்குக் கையும் காலும் வாயும் இருந்தபோது, ஆங்கிலச் சொற்களெல்லாம் ஓர் ஆற்றங்கரையில் ஒரே ஊராக வாழ்ந்தன. அவரவர் பெயர் எதுவோ அதுதான் அவரவர் வேலை. ஹேப்பி சிரிப்பாள். லாக் பூட்டுவான். ஓப்பன் திறப்பான். அடுத்தவர் வேலையில் யாரும் மூக்கை நுழைக்க மாட்டார்கள்.

அங்கே அன் என்று ஒரு நோஞ்சான் இருந்தான். தனியாக நின்றால் அவனுக்குப் பொருளே கிடையாது. யார் வாசலிலாவது ஒட்டி நின்றால்தான் பாவம், அவனுக்கு உயிரே வரும். ஆனால் அவன் நின்ற வீட்டுக்காரரின் வேலையே தலைகீழாகிவிடும். ஒருநாள் ஹேப்பி வீட்டு வாசலில் மழைக்கு ஒதுங்கினான். உள்ளே அவள் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"உனக்கு வேற வாசலே கிடைக்கலையா? போய்த் தொலை!" என்று விரட்டினாள். ஊரே சேர்ந்து விரட்டியது. அன் ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் போய் ஒண்டிக்கொண்டான். யாராவது ஒருவர் "வா, இங்கே நில்லு" என்று சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கினான்.

ஹேப்பிக்குக் கல்யாணம் வந்தது. எல்லாரும் மண்டபத்துக்குள் கூடினார்கள். அன் புகுந்துவிடக் கூடாதென்று லாக் கதவை வெளியே பூட்டிவிட்டுக் காவல் நின்றான். பந்தி நடக்கும்போது ஆறு கரை உடைந்து வெள்ளம் வந்தது. திறக்க வேண்டிய ஓப்பனோ உள்ளே இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தான். பூட்டு வெளியே தொங்கியது. யாருக்கும் இது முன்னாலேயே தோன்றவில்லை, என்ன சொல்வது!

"திறங்கண்ணே!" என்று ஓடி வந்தான் அன்.

"எனக்குப் பூட்டத்தானேடா தெரியும்!" என்று லாக் அழுதேவிட்டான்.

அன் அவன் முதுகுப்பக்கம் நின்று தள்ளிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. சட்டென்று முன்னால் போய், கதவுக்கும் அவனுக்கும் நடுவே ஒட்டி நின்றான்.

"இப்பப் பூட்டுங்கண்ணே!"

லாக் வழக்கம்போல் பூட்டத்தான் கையைத் திருப்பினான். லாக் அன்லாக் ஆகிவிட்டான், பூட்டு திறந்துகொண்டது.

எல்லாரும் தப்பி மேட்டில் ஏறினார்கள். நனைந்த பட்டுப்புடவையோடு ஹேப்பி அவனிடம் வந்தாள்.

"இனிமே நீ யார் வாசல்ல வேணும்னாலும் நில்லுப்பா, என் வாசல்லயும்தான். ஆனா அங்கேயே தங்கிடாதே."

அன்னுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செய்தி கேட்டு, அவனைப் போலவே சொல்லின் முன்னால் ஒட்டிப் பொருளைத் தலைகீழாக்கும் அவன் பங்காளிகள் டிஸ்ஸும் இம்மும்கூட மூட்டை முடிச்சோடு வந்து ஆளுக்கொரு வாசல் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று முதல்தான் அன் எந்தச் சொல்லுக்கும் பின்னால் நிற்பதில்லை, முன்னால்தான் நிற்கிறான். ஹேப்பி வாசலுக்கும் அவ்வப்போது வருவான், அவளும் அழுவாள். ஆனால் அவள் சொன்னதை மறக்காமல் அவன் நகர்ந்துவிடுவான். பிறகு ஹேப்பி பழையபடி ஹேப்பியாகவே இருப்பாள்.