கீரி புதைத்த ஆமைச் சில்லு

இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் ஜெபக்கூட்டத்து ஞானசுந்தரி அக்கா. என் சின்னவன் ஏலகிரியில் ஒரு பாறையிடுக்கு டப்பாவிலிருந்து எண் வெட்டிய வில்லை ஒன்றைக் கொண்டுவந்த கோடை அது. ஒளித்து வைத்துத் தேடுகிற விளையாட்டாம். வில்லையை நாமே வைத்துக்கொள்ளக் கூடாதாம். எடுத்ததை உடையவருக்குச் சொல்லிவிட்டு, வேறோர் இடத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டுமாம். யார் விட்டதோ, என்ன ஏவலோ என்று நான் அதைத் தொடவே இல்லை. அக்கா சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

அந்தக் காலத்தில், மிருகங்களும் பறவைகளும் ஒன்றோடொன்று வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆற்றங்கரைப் புதரில் ஒரு கீரி இருந்தது. யாரையும் நம்பாது. காற்று திசை மாறினாலே, "எதுக்கு மாறுது?" என்று மூக்கை நீட்டும். பாம்போடு பகை உள்ளவன் அசந்து தூங்க முடியுமா?

ஒருநாள் வலசை வாத்து ஒன்று அதன் வளை வாசலில் இறங்கி, அலகிலிருந்து எதையோ கீழே வைத்தது. ஆமை ஓட்டிலிருந்து உரிந்த சில்லு. ஓரத்தில் மூன்று கடித்தடம்.

"கீரியண்ணே, ஓர் ஆமைத் தாய் அனுப்பினது. வெள்ளத்துல போன பிள்ளையோட ஓட்டுச் சில்லாம். ஆளாளுக்கு அடுத்த தண்ணி வரைக்கும் கொண்டுபோறோம். பிள்ளை கண்ணுல பட்டா, அம்மா இருக்கான்னு தெரிஞ்சு திரும்பி வருவான். நான் கரட்டுக் குட்டையில எடுத்தேன். நீ அந்த ஆலமரத்து மடுவில வச்சிட்டு, வச்சேன்னு யார்கிட்டயாவது சொல்லிவிடு."

"ஏன், நீயே வைக்கிறது?"

"நான் வடக்கே போறேண்ணே. கூட்டம் கிளம்பிடுச்சு."

"ஆமை முட்டையத் தின்கிறவன் நான். என் வாசல்ல ஆமைச் சரக்கா?"

"அட போண்ணே! உன்கிட்டப் பேச ஒரு ஆயுசு வேணும்" என்று வாத்து பறந்துவிட்டது.

கீரி சில்லைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தது. அடையாளம் போட்ட பொருள் சும்மா வருமா? இது போகிற வழியைப் பார்த்தே என் வளையைக் கண்டுபிடிக்க, பாம்பு போட்ட திட்டமாக இருக்கும். கொண்டுபோனால் பின்தொடர்வான். இங்கேயே விட்டால் திருடன் என்பான்.

அதனால் யார் கண்ணிலும் படாமல் ஆழக் குழி தோண்டி அதைப் புதைத்தது. வளைந்து நெளிந்து நடந்து, தன் தடத்தைத் தன் வாலாலேயே கூட்டி அழித்தது. தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு அன்று நன்றாகத் தூங்கியது.

ஆறு வற்றிய வெயிலில், ஆலமரத்து மடுவுக்கு ஓர் ஆமைக்குட்டி வந்து சேர்ந்தது. கீரியைப் பார்த்ததும் பாதித் தலையை மட்டும் நீட்டிக் கேட்டது.

"மாமா, மூணு கடித்தடம் போட்ட சில்லு இந்தப் பக்கம் வந்துச்சா? கொக்கு சொல்லிச்சு. அம்மா என்னைக் கொஞ்சும்போது கடிச்ச தடம் அது. அது வந்தாத்தான் அம்மா இருக்கான்னு அர்த்தம். இல்லேன்னா நான் மழைத்தண்ணியோட கடல் பக்கம் போயிடுவேன்."

கீரி அந்தப் பாதித் தலையை உற்றுப் பார்த்தது. பாம்பும் இல்லை, திட்டமும் இல்லை. இந்தப் பிள்ளைதான் இருந்தது.

"வந்துச்சுப்பா. உங்கம்மா இருக்கா. சில்லு கரட்டுக் குட்டையிலேர்ந்துதான் வந்துச்சு, அங்கே என்கூட வா."

"சில்லு எங்கே?"

"புதைச்சிட்டேன்."

குட்டி தலையை இழுத்துக்கொண்டது. ஓட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "எங்க முட்டையத் தின்கிற நீ, வந்த சேதியைப் புதைச்சேன்னு சொல்ற நீ, என்னைத் தனியா காட்டுக்குள்ள கூப்பிடுற. நான் நம்பணுமா? சில்லைக் காட்டு மாமா, வர்றேன்."

கீரி ஓடியது. இந்தப் புதரடியா, அந்தப் பாறையடியா? வாலால் கூட்டிய மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடந்தது. நகம் தேயத் தேயக் கிளறியது. இரண்டு எட்டு ஓடும், நின்று திரும்பி மடுவைப் பார்க்கும். குட்டி இருக்கிறது. மறுபடி கிளறும்.

மலைமேல் இடி உருண்டது. செந்தண்ணீர் இரைந்து வந்தது. கீரி கடைசியாகத் திரும்பிப் பார்த்தபோது மடு நிறைந்து ஆறு ஓடிக்கொண்டிருந்தது. குட்டியைக் காணோம். கரையெல்லாம் கேட்கக் கத்தியது: "இருக்காப்பா! உங்கம்மா இருக்கா!" தண்ணீர் இரைச்சலில் அது யார் காதில் விழும்?

அன்று முதல்தான் கீரி போகிற இடமெல்லாம் மண்ணைக் கிளறுகிறது. ஓடுகிற ஓட்டத்தில் நின்று, பின்னங்காலில் எழுந்து, ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. சில்லு கிடைத்தால் இன்னமும் கடல்வரை ஓடத்தான் நினைக்கிறது.

உங்கள் தோட்டத்தில் கீரி கிளறினால் கல்லெடுக்காதீர்கள், கண்ணுகளா. கொஞ்ச நேரம் தேடட்டும்.