சீல் கிழியாத பெட்டி

“திறந்து பார்த்துச் சொல்லு” என்றார் தொபியாஸ் வாத்தியார். “என்னாலதானா, இல்லையான்னு.”

ஜெனோவாவின் கடை மேசைமேல் ஆம்ப்ளிஃபையர் இருந்தது. மாதா கோயில் கோபுரத்து அறையிலிருந்து அவரே சுமந்து வந்திருந்தார். கனமில்லாத பெட்டி.

ஜெனோவா அதைத் தொடவில்லை.

“எதனாலன்னு வேணும்னா திறந்து பாக்கலாம் சார். யாராலன்னு உள்ள எழுதியிருக்காது.”

“எதனாலன்னு சொல்லு. மத்தது எனக்குத் தெரியும்.”

அவருக்கு அறுபத்திரண்டு வயது. அவளுக்கு நாற்பது.

ஒன்பதாம் வகுப்பில் அவளுக்கு அறிவியலில் முப்பத்துநான்கு போட்டவர் அவர். தேற முப்பத்தைந்து வேண்டும். அவளுடைய அம்மா வந்து ஒரு மார்க் கேட்டபோது, “அளந்தது அளந்ததுதான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஜெனோவா படிப்பை விட்டு மைக் செட் கடைக்கு வேலைக்குப் போனாள். வருடங்கள் கழித்துக் கடை அவளுடையதானது.

ஓய்வு பெற்ற மறுவாரம் வாத்தியார் அந்தக் கடைக்கு வந்து தரையில் உட்கார்ந்தார்.

“இதெல்லாம் எனக்குக் கத்துக்கொடு.”

“முப்பத்துநாலு மார்க்கு வாங்கினவகிட்டயா?”

“ஆமா.”

“அப்போ வயர் சுத்துங்க.”

மூன்று மாதம் வயர் சுற்றினார். அதன் பிறகுதான் அவள் திருப்புளியைக் கையில் கொடுத்தாள்.

போன வருடம் கோயிலுக்குப் புது ஆம்ப்ளிஃபையர் வேண்டியிருந்தது. பூசைக்கு எதுவும் போதும். ஆனால் வானம் கெட்டால் கடலில் இருக்கிறவர்களைக் கூப்பிடுவதும் கோபுரத்து ஒலிபெருக்கிக் குழாய்கள்தான். நண்டு வலைக்குப் போகிற வள்ளங்களில் போனைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பலகைக்கு அடியில் போட்டுவைத்திருப்பார்கள். அது அடித்தாலும் கேட்காது. குழாய் கேட்கும்.

பங்குச் சாமியார் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வாத்தியாரிடம் விட்டார்.

இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்று டவுனில் ஒருவர் தன் பட்டறையில் செய்தது. தடித்த இரும்பு. ஓர் ஆளால் தூக்க முடியாது. வாரன்டிக் காகிதம் இல்லை. “கெட்டா கொண்டாங்க” என்று மட்டும் சொன்னாராம்.

மற்றது கம்பெனிப் பெட்டி. ஒரு வருட வாரன்டி. உள்ளே ஒரு கிராஃப் அச்சடித்து வைத்திருந்தார்கள்.

வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து, ஒலியை அலையாகத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பை வாங்கிவந்து ஒரு நாள் முழுக்க அளந்தார். சத்தத்தைக் கூட்டியதும் இரும்புப் பெட்டியில் அலையின் தலை தட்டையானது. கம்பெனிப் பெட்டியில் அலை பாடப் புத்தகத்தில் வரைந்ததுபோலவே நின்றது.

“இதுல ஒரு பிசகும் இல்லை” என்றார்.

“எங்க வெச்சு அளந்தீங்க?”

“இங்கதான். உன் மேசையில.”

“என் மேசையில உப்புக்காத்து கிடையாது சார்.”

“அதுக்குத்தான் வாரன்டி.”

அந்தக் கரையில் புதுப் பெட்டி எது வந்தாலும் ஜெனோவா முதலில் திறந்துவிடுவாள். உள்ளே போர்டு முழுக்க வார்னிஷ் பூசிக் காயவைத்து மூடுவாள். உப்பு பிடிக்காது. ஆனால் வாத்தியார் தேர்ந்தெடுத்த இந்தக் கம்பெனிப் பெட்டியில் மூடியையும் உடம்பையும் சேர்த்து வெள்ளிக் காகிதத்தில் ஒரு சீல் ஒட்டியிருந்தது. அது கிழிந்தால் வாரன்டி கிடையாது.

அவள் திறக்கப் போனபோது வாத்தியார் சீல்மேல் கையை வைத்து மறைத்தார்.

“வேண்டாம். வாரன்டி முடிஞ்ச மறுநாள் பூசிக்கலாம்.”

அவள் மறுபடி சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தது. காற்று ஏற்கெனவே எழும்பியிருந்தது. வாத்தியார் கோபுரத்து அறையின் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு மைக்கை எடுத்தார்.

கடலில் இருக்கிற வள்ளங்கள் எல்லாம் உடனே கரைக்குத் திரும்பவும்.

இருபது நிமிடம் அதையே சொன்னார். பெட்டியின் முகப்பில் பச்சை விளக்குகள் வரிசையாக ஏறி இறங்கின. அவருடைய ஒவ்வொரு சொல்லுக்கும் ஏறின. அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

ஒருவர் ஓடிவந்து கதவைத் தட்டினார்.

“சார், இன்னும் ஏன் கூப்பிடாம இருக்கீங்க?”

குரல் பெட்டிக்குள் போயிருந்தது. வெளியே வரவில்லை.

கோயில் மணியை அடித்தார்கள். அந்தக் காற்றில் மணிச்சத்தம் மணலைத் தாண்டவில்லை.

வானத்தைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலானவர்கள் தாங்களாகவே திரும்பினார்கள். அமலதாசன் திரும்பவில்லை. குனிந்து வலை இழுத்துக்கொண்டிருந்திருக்கலாம். மூன்றாம் நாள் அவனுடைய வள்ளம் கவிழ்ந்தபடி கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

அவன் மனைவி பெர்பெத்து வாத்தியாரிடம் வந்தாள்.

“நீங்க கூப்பிட்டீங்களா சார்?”

“கூப்பிட்டேன்.”

“அவருக்குக் கேக்கலையா?”

அதன் பிறகுதான் அவர் பெட்டியைக் கழற்றி ஜெனோவாவின் கடைக்குச் சுமந்து வந்தார்.

ஜெனோவா ஆம்ப்ளிஃபையரில் மைக்கைச் சொருகினாள். கடை வாசலில் இருந்த குழாயை இணைத்தாள்.

“ஒண்ணு, ரெண்டு.”

பச்சை விளக்குகள் ஏறின. குழாயில் சத்தம் இல்லை.

வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உள்ள போற பக்கம் நல்லா இருக்கு” என்றாள். “வெளிய வர்ற பக்கத்துல எங்கயோ விட்டிருக்கு. உப்பா இருக்கலாம். கம்பெனில ஈயம் ஒழுங்கா பத்தவைக்காம இருக்கலாம்.”

“உப்புன்னா நான்.”

“வாரன்டி எத்தனை நாள் இருக்கு?”

“பத்தொன்பது.”

“திறந்தா தெரிஞ்சிடும். புதுசு வராது. திறக்கலைன்னா புதுசு வரும். தெரியாது.”

“கோயில்ல இன்னொண்ணு வாங்க வழியில்லை. சாமியார் சொல்லிட்டாரு.”

“அப்போ அதையும் சேர்த்து யோசிங்க.”

“கம்பெனில திறந்து பாப்பான் இல்லையா? எழுதிக் கேக்கலாமே.”

“கேளுங்க.”

“சொல்லுவானா?”

“எனக்கு இதுவரைக்கும் சொன்னதில்லை.”

“நீ என்ன சொல்றே?”

ஜெனோவா ஒரு திருப்புளியை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். தோளில் வயர்ச் சுருளை மாட்டிக்கொண்டாள். கல்யாண வீட்டில் குழாய் கட்ட வேண்டியிருந்தது.

“பதில் சொல்லிட்டுப் போ.”

“போன வருஷம் சொன்னேன் சார். ஒரு தடவை. ரெண்டாவது தடவை சொல்லியிருக்கணும். நான் அதை நினைச்சுக்கிட்டு இருக்கேன். என்கிட்ட கேக்காதீங்க.”

போய்விட்டாள்.

வாத்தியார் பெட்டியைத் திருப்பினார். சீலின் ஒரு மூலையை நகத்தால் நெம்பினார். நெல்மணி அகலத்துக்கு எழும்பியது.

வாசலில் பெர்பெத்து நின்றாள்.

“ஜெனோவாக்கா இல்லையா?”

“கல்யாண வீட்டுக்குப் போயிருக்கா.”

அவள் பெட்டியைப் பார்த்தாள். திருப்புளியைப் பார்த்தாள்.

“இதைத் திறந்தா அவருக்கு ஏன் கேக்கலைன்னு தெரிஞ்சிடுமா சார்?”

“தெரியலாம்.”

“தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க.”

“சொல்றேன்.”

அவள் போகவில்லை.

“என் தம்பி வர்ற மாசம் கடலுக்குப் போறான். அவரு வள்ளத்துலதான். வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன். வீட்டுல வேற யாரு இருக்கா?”

வாத்தியார் சீலிலிருந்து கையை எடுத்தார்.

“அதுக்குள்ள கோயில் குழாய் கேக்குமா சார்?”

சாயங்காலம் ஜெனோவா திரும்பியபோது அவர் அதே இடத்தில் இருந்தார். திருப்புளி வைத்த இடத்தில் இருந்தது. சீலின் மூலை மட்டும் எழும்பியிருந்தது. அவள் கட்டைவிரலால் அதைத் தேய்த்துப் படியவைத்தாள்.

“அனுப்பிடவா?”

“அனுப்பு.”

“யோசிச்சுச் சொல்லுங்க. போனா திரும்பாது.”

“பெர்பெத்து தம்பி கடலுக்குப் போறான்.”

பெட்டியைக் கட்டும்போது வாத்தியார் ஒரு கடிதம் எழுதி உள்ளே வைத்தார். பழுது எதனால் என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும் என்று கேட்டிருந்தார். கையெழுத்துக்குக் கீழே, ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் என்று போட்டிருந்தார். போட்டதை அடித்துவிட்டார்.

பதினோராம் நாள் புதுப் பெட்டி வந்தது. அதே வகை. கூடவே ஒரு சீட்டு.

வாடிக்கையாளரின் குறை நிவர்த்தி செய்யப்பட்டது.

வாத்தியார் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“கிராஃப் வெச்சிருக்கான் சார். அளக்கலையா?”

“வேண்டாம்.”

சீலை அவரே கிழித்தார்.

“வாரன்டி போச்சு” என்றாள் ஜெனோவா.

“போகட்டும்.”

அவள் வார்னிஷ் டப்பாவைத் திறந்து வைத்தாள். அவர் ஆணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

போர்டு பளபளத்தது. கண்ணாடிபோல மெல்லிய பூச்சு. விளிம்புக்கு விளிம்பு, ஒரு புள்ளி விடாமல். கம்பெனியிலேயே பூசியிருந்தார்கள்.

ஜெனோவா டப்பாவை மூடினாள்.

“பழசுலயும் பூசியிருந்தானா?”

“தெரியாது சார்.”

“பூசியிருந்தா உப்பு இல்லை.”

“ஆமா.”

“அப்போ நான் இல்லை.”

“தெரியாது.”

“பழசு நிறைய கெட்டுப்போய், இப்பதான் பூச ஆரம்பிச்சிருந்தான்னா?”

“அப்படியும் இருக்கலாம்.”

“பழசு இப்போ எங்க இருக்கும்?”

“உடைச்சு எடைக்குப் போட்டிருப்பாங்க.”

வாத்தியார் தரையில் உட்கார்ந்தார். ஜெனோவா மூடியை வைத்து ஆணிகளை அவளே முடுக்கினாள். ஒவ்வொன்றாக, அவசரப்படாமல். ஆறாவது ஆணிக்குப் பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

“மார்க்கு போடுறதா இருந்தா எனக்கு எத்தனை போடுவே?”

“நான் வாத்தியார் இல்லையே சார்” என்றாள். “எந்திரிங்க. போய் மாட்டணும்.”

கோபுரத்து அறையில் அவள் வயர்களை இணைத்தாள். மைக்கை அவர் கையில் கொடுத்தாள்.

“நான் கரைக்குப் போறேன். நீங்க பேசுங்க.”

“ஒண்ணு, ரெண்டு சொல்றேன்.”

“ஒண்ணு, ரெண்டுக்கு யாரும் கரை திரும்பமாட்டாங்க. அன்னைக்குச் சொன்னதைச் சொல்லுங்க.”

“பயந்துடுவாங்க.”

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. கடல்ல ஒரு வள்ளம் இல்லை.”

அவர் மைக்கைப் பார்த்தார்.

“என்னால முடியாது ஜெனோவா.”

அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

வாத்தியார் கதவைத் திறந்தே வைத்தார். சன்னலையும் திறந்தார். பச்சை விளக்குகள் தெரியாதபடி தோள்துண்டை எடுத்துப் பெட்டியின் முகப்பில் போட்டார்.

கடலில் இருக்கிற வள்ளங்கள் எல்லாம் உடனே கரைக்குத் திரும்பவும்.

தலைக்குமேல் குழாய்கள் அதிர்ந்தன. தெருவில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு வீட்டுக் கதவு திறந்தது. பிறகு சாத்திக்கொண்டது. அவர் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் வரவில்லை. குரல் கம்மியது. கம்மிய குரலிலேயே சொன்னார்.

ஜெனோவா படியேறி வந்தாள். கடல்நீரில் கழுத்துவரை நனைந்திருந்தாள். வந்து ஸ்விட்சை அணைத்தாள்.

“எங்க வரைக்கும் கேட்டுச்சு?”

“நான் நின்ன இடம் வரைக்கும் சார்.”