வாசற்படிக்கு வெளியே

விடை தெரிந்தவர்களும் அவசரப்படாமல் கடைசிவரை கேட்க வேண்டிய கதை இது.

எதிரியின் நஞ்சு தோய்ந்த அம்புகளுக்குக் கருவேலி நாட்டுப் படை கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தது. முறிமருந்து காண அரசன் இரண்டு ஆய்வுச்சாலைகளை அமைத்தான். வடக்குச் சாலைக்கு ஆராவமுதன் தலைவன். தெற்குச் சாலைக்குப் பெரியநங்கை தலைவி. ஆண்டுகள் ஓடின. "இரண்டையும் போய்ப் பார். எங்கே சாவு அதிகமோ, அந்தச் சாலைக்குத் தலைமை ஏற்றவரின் தலை உருளட்டும்" என்று தன் காவல் வீரன் செண்டலங்காரனிடம் வாளைக் கொடுத்து அனுப்பினான் அரசன். செண்டலங்காரனுக்குக் கை துறுதுறுத்தது. பாவம், அவன் அண்ணன் தெற்குச் சாலையில்தான் நுரை தள்ளிச் செத்திருந்தான்.

மீண்டும் போர் மூண்ட அன்று அவன் வடக்குச் சாலையின் வாசலில் நின்றான். தொடையில் அம்பு தைத்தவனும் தோள் கிழிந்தவனும் ரத்தம் சொட்டச் சொட்ட நடந்து வந்தார்கள். ஒருவனைக் கட்டிலில் தூக்கி வந்தபோது ஆராவமுதன் கையை நீட்டி மறித்தான்.

"படுத்தபடி வாசல் தாண்டுவது பிணம் மட்டுந்தான். மருந்தம்மன் வாசலய்யா இது! காலூன்றி வரட்டும், வைத்தியம் பார்க்கிறேன்."

கட்டில் தெற்கே திரும்பியது. செண்டலங்காரனும் பின்னோடு போனான். அங்கே வாசலே கிடையாது, திறந்த கொட்டகை. கிட்டிப்போன பற்களைக் கம்பியால் நெம்பி, மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தாள் பெரியநங்கை. பலர் அவள் மடியிலேயே துடித்து அடங்கினார்கள். சிலர் கண் விழித்தார்கள்.

"வடக்கே ஒருத்தனும் சாகவில்லையே, அம்மா?" என்றான் செண்டலங்காரன்.

"கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள் ஐயா, இவனுக்கு மூச்சு நிற்கப் போகிறது" என்றாள் அவள், திரும்பாமலே.

அது அவனுக்குத் திமிராகப் பட்டது. பிணங்களை எண்ணினான். மறுநாள் அவன் வாள் அவள் கழுத்தில் இறங்கியது. கொட்டகையையும் கொளுத்திவிட்டார்கள்.

அடுத்த போரில் தூக்கி வரப்பட்டவர்களுக்குப் போக்கிடம் இல்லை. வடக்கு வாசற்படிக்கு வெளியே வரிசையாகக் கிடந்து, மண்ணைப் பிராண்டிச் செத்தார்கள். ஒருவன்கூடப் பிழைக்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்ற செண்டலங்காரனுக்கு அப்போதுதான் தான் எண்ணிய பிணங்களின் கணக்கு புரிந்தது.

சாவை எண்ணித் தலையைக் கேட்டவன் அரசன். சாகக் கிடந்தவர்களையெல்லாம் அவள் பக்கம் தள்ளிவிட்டவன் ஆராவமுதன். வெட்டியவன் செண்டலங்காரன். பெரியநங்கையைக் கொன்ற பழி இந்த மூவரில் யாரைச் சேரும்? சொல்லுங்கள் பார்க்கலாம்.

விடை: செண்டலங்காரனைத்தான். அரசன் கேட்டது தப்புக் கணக்கு. ஆனால் அவன் அந்த வாசலைப் பார்த்ததில்லை. ஆராவமுதனுடையது மூடத்தனம், ஆனால் அதை அவன் ஒளிக்கவில்லை, முகத்துக்கு நேரே சொன்னான். கட்டிலின் பின்னாலேயே நடந்து இரண்டு இடத்தையும் பார்த்தவன் ஒருவன்தான். பார்ப்பதற்கென்றே அனுப்பப்பட்டவன் அவன். அன்று அவள் பிழைக்க வைத்தவர்களில் ஒருவனையாவது, 'நீ எப்படி இங்கே வந்து சேர்ந்தாய்?' என்று அவன் கேட்கவில்லை.